அறிவியல் கருவி நிறுவனத்துக்குக் கண்காட்சி பேக்டிராப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் பேனர், ஸ்டாண்டி, பேக்டிராப் (கண்காட்சி ஸ்டாலின் பின்சுவரை மூடும் அச்சு) வடிவமைப்பது என் தொழில். சிப்காட், சிட்கோ பக்கம் சிறிய ஷெட் போட்டு ஆய்வகக் கருவி செய்பவர்களும், கிருஷ்ணகிரி, தருமபுரியில் கல்லூரிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் கருவி விற்கும் டீலர்களும் என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் கண்காட்சிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதுதான் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட, ஒரு தடவை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கல்யாண பேனர் அடிக்கிற கடையிலேயே இதையும் அடித்துக்கொள்ளலாம்தானே? இதில் தனியாக என்ன இருக்கிறது?

அடித்துக்கொள்ளலாம். மெஷினும் மையும் ஒன்றுதான். யோசனைதான் வேறு.

கல்யாண பேனரிலோ காதுகுத்து பேனரிலோ யாரையும் விட்டுவிடக் கூடாது. தாய்மாமன் படம் கொஞ்சம் சின்னதாகிவிட்டால்கூட மனவருத்தம் வரும். சொந்தபந்தம் எல்லோரும் அதில் இருப்பதுதான் அந்த பேனருக்கு அழகு. அதே பழக்கத்தில், நிறுவனம் விற்கிற 24 கருவிகளையும் பேக்டிராப்பில் வரிசையாக அடுக்கினால், நடந்துபோகிறவர் கண்ணில் ஒன்றுகூட நிற்காது. இங்கே விட்டுவிடத் தெரிய வேண்டும்.

பேனருக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. பேக்டிராப்புக்கு முன்னால் மேசை இருக்கும், மேசைமேல் கருவி இருக்கும், கருவிக்குப் பக்கத்தில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் நிற்பார்கள். ஆக அது கருவிக்குப் பின்னணி. கருவியை எடுத்துக்காட்டுவதுதான் அதன் வேலை.

இதையெல்லாம்விட முக்கியம், பார்க்க வருகிறவர் யார் என்பது. ஆய்வகப் பொறுப்பாளர், வேதியியல் பேராசிரியர், ஆலையின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி இவர்கள்தான் வருவார்கள். அளப்பதே இவர்களுடைய அன்றாட வேலை. துல்லியத்தை விற்கிற நிறுவனத்தின் சுவரில் ஓர் அலகு தவறாக இருந்தால், கருவி காட்டுகிற எண்ணையும் அவர் சந்தேகப்படத் தொடங்குவார். என்னிடம் வருகிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

டிசைன் தொடங்கும் முன் நாங்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும்?

கண்காட்சி அமைப்பாளர் அனுப்பிய கையேட்டைக் கொண்டுவாருங்கள். மின்னஞ்சலில் பெரிய பிடிஎஃப் ஆக வந்திருக்கும். பலர் பணம் கட்டும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஸ்டால் எத்தனை மீட்டர், எத்தனை பக்கம் திறந்திருக்கும், உயரம் எதுவரை போகலாம், சுவரில் ஆணி அடிக்கலாமா, ஒட்டலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்களுக்குக் கிடைத்திருப்பது சுவர், விளக்கு, மேசையோடு தயாராக இருக்கும் ஷெல் ஸ்கீமா, வெறும் தரை மட்டும்தானா என்பதும் அதில் தெரியும். வெறும் தரை என்றால் சுவரையே நீங்கள்தான் கட்ட வேண்டும். அது வேறு கணக்கு. இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் ஷெல் ஸ்கீமுக்குப் பொருந்தும்.

அப்புறம், மேசைமேல் வைக்கப்போகும் கருவிகளின் நீளம், அகலம், உயரம், நிறம் இவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். இதை யாரும் தாமாகக் கொண்டுவருவதில்லை, நான்தான் கேட்டு வாங்குகிறேன். பின்னால் நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது ஏன் என்று புரியும்.

எங்கள் ஸ்டால் 3-க்கு 3 மீட்டர். 10 அடிக்கு 8 அடி ஃப்ளெக்ஸ் அடித்தால் சரியாக இருக்குமா?

இருக்காது. 3 மீட்டர் என்பது 9 அடி 10 அங்குலம்தான். 10 அடி அடித்தால் 2 அங்குலம் கூடிவிடும். உயரம் 2.5 மீட்டர் என்றால் 8 அடி 2 அங்குலம். அங்கே 8 அடி அடித்தால் 2 அங்குலம் குறையும்.

ஆனால் அதுவும் வெளி அளவுதான். ஷெல் ஸ்கீமில் பின்சுவர் ஒரே பலகையாக இருக்காது. அலுமினியக் கம்பம் நட்டு, இடையில் வெள்ளைப் பலகை செருகியிருப்பார்கள். 3 மீட்டர் சுவர் என்றால் பொதுவாக மூன்று பலகை. கம்பத்துக்குக் கம்பம் 1 மீட்டர். கம்பம் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுவதால், ஒரு பலகையில் கண்ணுக்குத் தெரியும் அகலம் சுமார் 95 முதல் 97 செ.மீ. வரைதான். இந்த அளவு ஸ்டால் கட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் அமைப்பாளரிடம் கேட்டு, தெரியும் அளவை எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் சரி.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு 10-க்கு 8 ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தேன். முதல் நாள் மாலை அதைக் கட்டப்போனால், இரண்டு பக்கச் சுவருக்கு இடையில் அது அடங்கவில்லை. இழுத்துக் கட்டினால் நடுவில் உப்பியது. ஓரத்தை மடித்தால் இடது ஓரத்தில் இருந்த லோகோவில் பாதி மடிப்புக்குள் போனது. மூன்று நாளும் அந்த நிறுவனம் பாதி லோகோவோடுதான் நின்றது. அன்றிலிருந்து தெரியும் அளவு கைக்கு வராமல் நான் ஃபைலைத் திறப்பதில்லை. ஓரத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளித்தான் எந்த எழுத்தையும் வைக்கிறேன்.

பலகை பலகையாக ஒட்டுவதாக இருந்தால், கம்பம் வருகிற இடத்தில் முகமோ எழுத்தோ எண்ணோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தையும் மூடி ஒரே பரப்பாக வேண்டுமென்றால், முன்னால் தனி ஃபிரேம் வைத்துத் துணியை இழுத்து மாட்ட வேண்டும்.

சுவரில் என்ன எழுதலாம்? நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டால் போதாதா?

பெயர் ஏற்கெனவே பிரபலம் என்றால் போதும். இல்லையென்றால் போதாது. ஹரியானாவில் அம்பாலா என்ற ஊர் முழுக்க அறிவியல் கருவி செய்வதற்கே பெயர் போனது. அங்கிருந்து வருகிற நிறுவனங்களின் பெயர்களில் பாதிக்குமேல் 'சயின்டிஃபிக்', 'இன்ஸ்ட்ருமென்ட்ஸ்', 'லேப்' என்ற சொற்கள் இருக்கும். உங்கள் பெயரும் அப்படித்தான் இருக்கும். பத்து ஸ்டால் தாண்டி வருகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

அதனால் பெயரைவிடப் பெரிதாக, உங்கள் கருவி யாருக்கு எதை அளந்து கொடுக்கிறது என்று எழுதுங்கள். ஒரே வரி போதும்.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, மூட்டு வலி என்று தலைமுறையாகப் பட்ட கஷ்டம் அது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இப்போது நீங்கள் ஃப்ளோரைடு அளக்கும் மீட்டர் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நவீன அயனித் தேர்வு மின்முனைத் தொழில்நுட்பம்' என்று எழுதினால் ஒருவர் நிற்பார். 'உங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு 1.5-ஐத் தாண்டுகிறதா?' என்று எழுதினால் பத்துப் பேர் நிற்பார்கள். ஊராட்சித் தலைவரும் நிற்பார், தண்ணீர் ஆய்வகத்துக்காரரும் நிற்பார். தொழில்நுட்பத்தின் பெயரைக் கீழே சிறிதாகக் கொடுத்தால் போதும், தேவைப்பட்டவர் படித்துக்கொள்வார்.

மாங்கூழுக்கும் இதே கதைதான். கிருஷ்ணகிரி ஆலைகளில் பெரும்பாலும் பெங்களூரா மாம்பழத்தைத்தான் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழ் குறைந்தது 14 டிகிரி பிரிக்ஸ் (கூழில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) இருக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறவர்கள் கேட்பார்கள். கெட்டியாக்கிய கூழ் என்றால் 28. பிரிக்ஸை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் விற்கிற ஸ்டாலில் '14 இருக்கிறதா? ஒரு சொட்டு போதும்' என்று இருந்தால், ஆலைக்காரருக்கு வேறு விளக்கமே வேண்டாம். அந்த 14 என்ன என்று அவருக்குத் தெரியும். தன் தொழிலின் எண்ணைச் சுவரில் பார்த்தால் எவரும் நின்றுவிடுவார்.

ஆனால் ஒன்று. அந்த எண்ணை உங்கள் கருவி உண்மையிலேயே அளக்க வேண்டும். அளக்கும் எல்லைக்கு வெளியே இருப்பதைத் தலைப்பாக வைக்காதீர்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எந்த உயரத்தில் வைக்கலாம்?

போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. நடைபாதையில் போகிறவர் உங்கள் பின்சுவரிலிருந்து 10 முதல் 20 அடி தூரத்தில் இருப்பார். ஆக அவர் படிக்க வேண்டிய எதுவும் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அரங்கின் அடுத்த வரிசையிலிருந்து, ஒரு 50 அடியிலிருந்து தெரிய வேண்டிய தலைப்பு என்றால் 5 அங்குலம். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் கொக்கியும் இருப்பதால், இதே கணக்கை ஒன்றரை மடங்காக்கித்தான் நான் வைக்கிறேன்.

உயரத்துக்கு வருவோம். மேசை இரண்டரை அடி. அதன்மேல் கருவி ஒன்றரை அடி. ஆகத் தரையிலிருந்து 4 அடி வரை நீங்கள் என்ன எழுதினாலும் யாருக்கும் தெரியாது. அதற்கு மேலே ஐந்தரை அடி வரை உங்கள் ஆட்களின் தோளும் தலையும் மறைக்கும். மிச்சம் இருப்பது மேலே இரண்டரை அடிப் பட்டைதான். தலைப்பு, லோகோ எல்லாம் அங்கேதான் போக வேண்டும். தொலைபேசி எண்ணை அடியில் வரிசையாகப் போடுவது பேனர் பழக்கம். ஸ்டாலில் அது மேசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

க்யூஆர் கோடு வைப்பதாக இருந்தால், ஸ்கேன் செய்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். 1 மீட்டர் தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார் என்றால் 10 செ.மீ. சதுரம். அதைப் பின்சுவரில் வைக்காமல் பக்கச்சுவரில், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

அலுவலகச் சுவரில் 3 மீட்டருக்கு டேப் ஒட்டி, தலைப்பை நிஜ அளவில் ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பாருங்கள். முன்னால் ஒரு மேசையைப் போட்டு, 15 அடி தள்ளி நடந்துகொண்டே படியுங்கள். கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிந்த பல டிசைன்கள் இந்தச் சோதனையில் விழுந்திருக்கின்றன.

கருவியே முன்னால் இருக்கும்போது அதன் படத்தைப் பின்னால் போடலாமா?

அதே கருவி என்றால் தேவையில்லை. இடம் வீண். கொண்டுவர முடியாத பெரிய கருவியின் படத்தைப் போடலாம். அல்லது கருவிக்குள் நடப்பதைக் காட்டலாம். ஒளி எங்கிருந்து கிளம்பி, மாதிரியை ஊடுருவி, உணரியில் எங்கே விழுகிறது என்ற ஒரு வெட்டுப்படம் இருந்தால் பேராசிரியர்களே நின்று பேசுவார்கள். கருவி கொடுக்கிற வரைபடத்தையும் காட்டலாம். ஆனால் அது உங்கள் கருவியே வரைந்த நிஜ வரைபடமாக இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு மேடும் பள்ளமுமாக ஒரு கோடு போட்டு வைத்தால், 'இந்த உச்சம் எந்தப் பொருளுக்கு?' என்று கேட்பார்கள். பதில் இருக்காது.

இணையத்தில் வாங்கும் பொதுப்படங்களில் ரொம்பக் கவனம் வேண்டும். நீலநிறத் திரவம் உள்ள குடுவையை வெறுங்கையால் பிடித்திருப்பவர், மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடே வைக்காமல் உள்ளே பார்ப்பவர் என்று அந்தப் படங்களில் பிழைகள் நிறைய. எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது டிஎன்ஏ படம். உயிரணுக்களில் உள்ள டிஎன்ஏ வழக்கமாக வலஞ்சுழி. நாம் அன்றாடம் முறுக்குகிற ஸ்க்ரூவைப் போல. படத்தை நட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்தால், நம் பக்கம் இருக்கும் இழை இடது கீழிருந்து வலது மேலாக ஏற வேண்டும். பக்கம் பொருந்துவதற்காக டிசைனர் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிட்டால் அது இடஞ்சுழியாகிவிடும். எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உயிரியல் படித்தவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். கருவியின் படத்தையும் அப்படித் திருப்பக் கூடாது. கதவுக் கீல் பக்கம் மாறும், பொத்தான்கள் இடம் மாறும்.

எங்கள் நிறம் நீலமும் வெள்ளையும். அப்படியே போடலாம்தானே?

ஆய்வகக் கருவி விற்கிற நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் நீலமும் வெள்ளையும்தான். அதனால் தவறில்லை. ஆனால் எது எங்கே வருகிறது என்பது முக்கியம்.

உங்கள் கருவியின் உடல் என்ன நிறம்? பெரும்பாலும் பவுடர் கோட்டிங் செய்த வெளிர்வெள்ளை அல்லது சாம்பல். அதை வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தால் விளிம்பே தெரியாது. தூரத்திலிருந்து மேசை காலியாக இருப்பதுபோலத் தோன்றும். கருவிக்கு நேர் பின்னால், இரண்டரை அடியிலிருந்து ஐந்தடி வரை, ஓர் அடர்நிறப் பட்டை விடுங்கள். கருநீலமோ கரும்பச்சையோ போதும். கருவி தானாக எழுந்து நிற்கும்.

ஆட்டோகிளேவ், வாட்டர் பாத், ஹாட் ஏர் ஓவன் போன்ற எவர்சில்வர் பளபளப்புக் கருவிகளுக்கு வேறு பிரச்சினை. அவை எதிர் ஸ்டாலின் விளக்கையும் பேனரையும் தம்மேல் காட்டும். பின்னால் பளபளப்பில்லாத மேட் பரப்பு, நடுத்தர நிறம் வையுங்கள். கண்ணாடிக் கருவிகள், உதாரணமாகக் காய்ச்சி வடிக்கும் அமைப்புகள், இன்னும் நுணுக்கமானவை. பின்னால் எழுத்து இருந்தால் குடுவை வழியாக அது வளைந்தும் தலைகீழாகவும் தெரியும். அங்கே எழுத்தே வேண்டாம். வெளிச்சமான வெற்றுப் பரப்பாக விட்டால் கண்ணாடியின் விளிம்பு அழகாகத் தெரியும்.

திரையில் பார்த்த நீலம் அச்சில் ஊதா கலந்து வருகிறது என்ற புகார் நிறைய வரும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, மெஷின் நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. சில பளீர் நீலங்களை அந்த நான்கு மையால் கொண்டுவரவே முடியாது. ஃபைலை முதலிலேயே சிஎம்ஒய்கே-யில் (அந்த நான்கு மைகளின் நிறமுறை) தொடங்கி, அடிக்கப்போகிற அதே துணியிலோ வினைலிலோ (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஓரடி மாதிரி எடுத்து, வெள்ளை விளக்கில் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ், வினைல், துணி: எது நல்லது?

அரங்குக்குள் என்றால் துணி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஃப்ளெக்ஸ் ஸ்பாட்லைட்டில் மினுங்கும், சுருக்கம் போகாது, மடித்த கோடு நிற்கும், புதிதாக இருந்தால் வாடையும் அடிக்கும். கண்காட்சி நடக்கும் நாள் முழுவதும் உங்கள் ஆட்கள் அதை ஒட்டித்தான் நிற்க வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போலத் திறந்தவெளியும் தூசியும் மழையும் உள்ள இடத்துக்குக் கனமான ஃப்ளெக்ஸ் பொருந்தும்.

பாலியஸ்டர் துணியில் சாயம் வெப்பத்தால் நூலுக்குள் இறங்குவதால் நிறம் உதிராது. ஓரத்தில் ரப்பர் பட்டை தைத்து அலுமினிய ஃபிரேமில் செருகினால், மத்தளத் தோல்போல இழுத்து நிற்கும். பையில் மடித்துக் கொண்டுபோகலாம். பின்னால் எல்இடி வைத்தால் லைட் பாக்ஸ் ஆகிவிடும். முதல் செலவு அதிகம்தான். ஆனால் ஃபிரேமை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வருடம் துணியை மட்டும் மாற்றலாம்.

சன்போர்டில் (லேசான நுரைப் பலகை) வினைல் ஒட்டுவது பலகை பலகையாகச் செருகுவதற்கு நல்லது. நுணுக்கமான படமும் எழுத்தும் இதில்தான் கூர்மையாக வரும். மேட் லேமினேஷன் கேளுங்கள். மூலை மட்டும் சீக்கிரம் உடையும்.

லோகோவை வாட்ஸப்பில் அனுப்பினால் போதுமா?

போதாது. வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வரைந்த மூல ஃபைல் வேண்டும். லோகோவை முதலில் வரைந்தவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் புதிதாக வரைந்துவிடலாம், ஒரு நாள் வேலை.

புகைப்படத்துக்குக் கணக்கு இதுதான். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் பரப்பில், நிஜ அளவில் அங்குலத்துக்கு 100 புள்ளி வேண்டுமென்றால், 11,811-க்கு 9,843 பிக்சல் வேண்டும். போனில் எடுத்த 4,000-க்கு 3,000 பிக்சல் படத்தை முழுச் சுவருக்கும் இழுத்தால் அங்குலத்துக்கு 34 புள்ளிதான் கிடைக்கும், கட்டம் கட்டமாகத் தெரியும். அதே படத்தை அரை மீட்டர் அகலத்துக்கு மட்டும் வைத்தால் 200 புள்ளி வரும், தாராளம். எனவே போன் படம் என்றாலே கூடாது என்றில்லை, எவ்வளவு இடத்துக்கு என்பதுதான் கேள்வி. அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

அலகுகள், சான்றுகள் எழுதும்போது எதில் தவறு வருகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது பிஹெச் என்பதில் பி சிறிய எழுத்து, ஹெச் பெரிய எழுத்து. தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தாக மாற்றும் பொத்தானை அழுத்தினால் இரண்டுமே பெரிதாகிவிடும். அழகுக்காகச் செய்கிற அந்த ஒரு சொடுக்கில் மில்லி என்பது மெகா ஆகிவிடுகிற இடங்களும் உண்டு. அலகு உள்ள வரியில் அந்தப் பொத்தானே வேண்டாம்.

அடுத்தது மைக்ரோ. மியூ என்ற கிரேக்க எழுத்தைப் பழைய சிம்பல் எழுத்துருவில் தட்டியிருந்தால், அது உண்மையில் ஆங்கில எம் விசைதான். வேறு கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மியூ போய் வெறும் எம் நிற்கும். 100 மைக்ரோலிட்டர் பிப்பெட் 100 மில்லிலிட்டர் பிப்பெட் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால் எழுத்துக்களைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றும் முன்பும் மாற்றிய பின்பும் ஒவ்வோர் அலகையும் விரல் வைத்துப் படியுங்கள்.

மாதிரியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மட்டும் எழுதுவது போதாது. மாதிரிமேல் விழும் விசை, சுழலும் ஆரத்தைப் பொறுத்தது. 10 செ.மீ. ஆரத்தில் 4,000 சுற்று என்றால் புவியீர்ப்பைப் போலச் சுமார் 1,789 மடங்கு. ஆரம் மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆய்வகக்காரர் கேட்பது இந்த எண்ணைத்தான். இரண்டையும் போடுங்கள்.

திரையில் 0.01 வரை காட்டுகிறது என்பதற்காகக் கருவியின் துல்லியம் 0.01 என்று எழுதிவிடக் கூடாது. காட்டும் கடைசி இலக்கம் வேறு, உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது வேறு. எது எது என்று உங்கள் தொழில்நுட்ப ஆளிடம் எழுதி வாங்கித்தான் நான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

சான்றுகளில், ஐஎஸ்ஓ அமைப்பின் லோகோவைச் சான்று பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்த அந்த அமைப்பு அனுமதிப்பதில்லை. 'ஐஎஸ்ஓ 9001:2015 சான்று பெற்றது' என்று எண்ணோடு எழுதுவதுதான் முறை. என்ஏபிஎல் அங்கீகாரம் ஆய்வகங்களுக்குக் கொடுப்பது, கருவிக்கு அல்ல. உங்கள் கருவியை அப்படிப்பட்ட ஆய்வகத்தில் காலிபிரேஷன் (அளவு சரியா என்ற ஒப்பீட்டுச் சோதனை) செய்து சான்றிதழ் வைத்திருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். அந்தச் சான்றிதழின் நகலை ஸ்டாலில் கையோடு வைத்திருங்கள்.

தமிழில் போடலாமா?

யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தும்கூர் சாலையிலுள்ள பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையத்துக்கோ ஹைதராபாத்துக்கோ போனால் ஆங்கிலம்தான். கிருஷ்ணகிரி, தருமபுரியில் விவசாயிகளும் பால் சங்கத்தினரும் ஊராட்சிக்காரர்களும் வருகிற இடம் என்றால் தமிழ்தான் முதலில் இருக்க வேண்டும். கருவியின் பெயரை மக்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். 'டிடிஎஸ் மீட்டர்', 'லேக்டோமீட்டர்' என்றால் பால்காரருக்கும் தெரியும். நுண்ணோக்கி என்பது பள்ளியில் படித்த சொல், அதையும் தாராளமாகப் போடலாம். கருவி என்ன செய்கிறது என்ற விளக்கம் மட்டும் முழுக்க நல்ல தமிழில் இருக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில் எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடு எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் ஆங்கில எழுத்துக்களாகச் சிதறும். யூனிகோடில் தட்டியதைப் பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். ஒட்டியதும் ஒரு தடவை, கர்வாக்கியதும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

கரண்ட் வசதிக்கும் பேக்டிராப்புக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஷெல் ஸ்கீமில் பொதுவாக ஒரு பிளக் பாயிண்ட்தான் வரும், அது பெரும்பாலும் பின்சுவரின் அடியில் இருக்கும். ஃபிரேமை அதன்மேல் வைத்து மூடிவிடாதீர்கள். ஓவன், இன்குபேட்டர் ஓட்டிக் காட்டுவதாக இருந்தால் எத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே அமைப்பாளரிடம் எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். கருவிகளின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்ஆவணம்) வேண்டும். விற்பனைக்கு அல்லாமல் காட்சிக்குக் கொண்டுபோவதால் டெலிவரி சலானில் போகும், இ-வே பில்லில் கண்காட்சி என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் சொன்னால் போட்டுக் கொடுப்பார். அப்புறம் தும்கூர் சாலைக்குப் போக நகரத்தையே கடக்க வேண்டும். விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

வினைலையும் ஃப்ளெக்ஸையும் அச்சுப் பக்கம் வெளியே வருமாறு சுருட்டுங்கள். கேபிள் டை, டபுள் சைடு டேப், வெல்க்ரோ, கத்தரி, அளவு டேப், துணிச் சுருக்கம் எடுக்க ஒரு சின்ன ஸ்டீமர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பேக்டிராப்பை எத்தனை கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்?

கண்காட்சியின் பெயர், வருடம், ஸ்டால் எண் இவற்றை அதில் அச்சிடாமல் இருந்தால், மூன்று நான்கு வருடம் கூட. மாறக்கூடியதைத் தனி சன்போர்டில் அடித்து வெல்க்ரோவில் ஒட்டுங்கள். மாங்கூழ் ஆலைக்காரர் வரும் இடத்தில் பிரிக்ஸ் பலகை, தண்ணீர் ஆய்வகத்தார் வரும் இடத்தில் ஃப்ளோரைடு பலகை என்று மாற்றிக்கொள்ளலாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் யார் பார்த்து ஓகே சொல்ல வேண்டும்?

முதலாளி மட்டும் பார்த்தால் போதாது. கருவியைப் பழுது பார்க்கப் போகும் சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள். வாடிக்கையாளர் என்ன கேட்பார், எந்த எண்ணில் சண்டை வரும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பையன் என் டிசைனைப் பார்த்துவிட்டு, 'அண்ணா, இந்த மாடல்ல மேக்ஸிமம் 250 டிகிரிதான், 300 போட்டிருக்கீங்க' என்றான். முதலாளியும் நானும் நான்கு முறை பார்த்துத் தாண்டிய எண் அது. பழைய கேட்டலாக்கிலிருந்து வந்திருக்கிறது. அன்று இரவு அடிக்க வேண்டியதை நிறுத்தி, மறுநாள் காலையில் திருத்தி அடித்தோம்.

கண்காட்சி முடிந்ததும் அதை என்ன செய்வது?

துணியை மென்மையாகத் துவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரமில்லாமல் பையில் வையுங்கள். ஃபிரேமின் திருகுகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, எத்தனை என்று மூடிமேல் எழுதிவிடுங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் சன்போர்டு பலகைகள் இனி வேண்டாம் என்றால், பக்கத்து அரசுப் பள்ளியின் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். ஒரு வாடிக்கையாளர் பிஹெச் அளவுகோல் பலகையை அப்படிக் கொடுத்திருந்தார். வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது பார்த்தேன். மூலை உடைந்த இடத்தில் டேப் ஒட்டி, பிள்ளைகள் கண்ணுக்கு நேராகத் தாழ்வாக மாட்டியிருந்தார்கள்.